காலண்டர் தாளும் கணித ஆசிரியரும்

உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவரின் கொள்கையை, அவர் வகுப்புக்குள் எடுத்துப்போகும் பொருளைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். சென்னையில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் (1924–2005) எடுத்துப்போனவை எந்த வீட்டிலும் கிடைப்பவை. மாதக் காலண்டரை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியவர் அவர். கணித மன்றங்களில் என்னென்ன செய்யலாம் என்பதற்கு அவர் எழுதிய கையேட்டை என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. ஓர் எண் உறவைத் தானாகவே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி மேதைகளின் தனிச்சொத்து அல்ல, சாதாரண மாணவருக்கும் அது வாய்க்க வேண்டும் என்பதே அவருடைய வேலைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த எண்ணம்.

அவருடைய இன்னொரு ஈடுபாடு ராமானுஜன். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் பெயரில் 1968-இல் வெளிவந்த ராமானுஜன் நினைவுத் தொகுதிகளுக்காகக் கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் தேடித் தொகுத்தவர் அவரே. 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைந்ததும் அவர் முயற்சியால்தான். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது ராமானுஜன் கையில் கிடைத்த புத்தகம் கார் என்பவர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றி அடுக்கிய நூல். விளக்கம் குறைவாக இருந்ததால் படித்தவரே அதை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா மாணவரும் அப்படித் தனியே போராட முடியாது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று அளந்து தருவதற்குத்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

காலண்டர் பாடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாதத் தாளில் இரண்டுக்கு இரண்டாக நான்கு தேதிகளைச் சதுரமாகக் கட்டம் கட்டச் சொல்கிறார் ஆசிரியர். ஒரு மாணவி 8, 9, 15, 16 ஆகியவற்றை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். மூலைக்கு மூலை பெருக்கினால் 8 × 16 = 128; 9 × 15 = 135. வித்தியாசம் 7. பக்கத்து பெஞ்சில் வேறு நான்கு தேதிகள், அங்கும் 7. பின் வரிசையிலும் 7. இந்த இடத்தில் வகுப்பில் சத்தம் எழும். காரணத்தை உடனே கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அனுபவமுள்ள ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்த மாதத்திலும் இப்படித்தான் வருமா என்று மட்டும் கேட்கிறார்.

எல்லா மாதத்தையும் எல்லாக் கட்டத்தையும் போட்டுப் பார்க்க முடியாது என்று மாணவர்கள் உணரும்போதுதான் இயற்கணிதத்துக்கு வேலை வருகிறது. முதல் தேதியை ‘அ’ என்று கொண்டால் மற்றவை அ + 1, அ + 7, அ + 8. ஒரு பெருக்கல் அ² + 8அ. மற்றது அ² + 8அ + 7. எந்தத் தேதியில் தொடங்கினாலும் மிஞ்சுவது 7 என்பது அப்போது துலங்குகிறது. எழுத்தை எண்ணாக நினைத்துப் பெருக்கு என்று விதியாகச் சொன்னபோது ஒட்டாத பாடம், ஒரு கேள்விக்கு விடையாக வரும்போது ஒட்டிக்கொள்கிறது.

அடுத்து மூன்றுக்கு மூன்று கட்டம். மூலைப் பெருக்கல்களின் வித்தியாசம் இப்போது எவ்வளவு என்று கேட்டால் பலரும் 14 என்பார்கள். 9-இல் தொடங்கும் கட்டத்தில் 9 × 25 = 225; 11 × 23 = 253; வித்தியாசம் 28. தவறாகச் சொன்ன 14-ஐ ஆசிரியர் அழிப்பதில்லை; 28-க்குப் பக்கத்திலேயே இருக்க விடுகிறார். மூலைகளுக்கு இடையிலான இடைவெளி இரண்டு மடங்கானால் வித்தியாசம் ஏன் நான்கு மடங்காகிறது என்பதே அன்றைய வீட்டுப்பாடம். வாரத்துக்கு ஐந்து நாள்தான் என்றிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால், அந்த வகுப்பு வெற்றி பெற்றுவிட்டது எனலாம். முதல் கட்டத்தில் 7 வந்தது வாரத்துக்கு ஏழு நாள் என்பதால்தான். ஐந்து நாள் வாரத்தில் 5 வரும்.

வடிவியலில் இதே வேலையைக் காகித மடிப்பு செய்கிறது. சுந்தர ராவ் எழுதிய காகித மடிப்பு வடிவியல் நூல் சென்னையில் 1893-இல் வெளிவந்தது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட்ட பிறகு உலகறிந்தது. ஒரு காகித முக்கோணத்தின் மிக நீளமான பக்கத்தை அடிப்பக்கமாகக் கொண்டு, உச்சியிலிருந்து அதற்கு இறங்கும் செங்குத்தின் அடிப்புள்ளியில் மூன்று முனைகளையும் மடித்துச் சேர்த்தால், மூன்று கோணங்களும் ஒரே நேர்க்கோட்டில் பொருந்தி நிற்கும். மடித்த கைக்கு 180 பாகை தெரிந்துவிடுகிறது. ஆனால் மடிப்பு நிரூபணம் ஆகாது. உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டுவதே நிரூபணம். கண்ணால் கண்டதற்கும் தர்க்கத்தால் நிறுவியதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்வதற்காகவே ஆசிரியர் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார்.

இப்படிக் கற்பிக்கத் தடையாக நிற்பது காலம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வுக்கு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. வினாத்தாளில் வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8 என இரண்டு கேள்விகள் உண்டு. ‘கிராஃபும் ஜியாமெட்ரியும் போட்டால் 16 மார்க் நிச்சயம்’ என்பது ஆசிரியர் அறைகளில் வழங்கும் கணக்கு. மெல்லக் கற்கும் மாணவர்களை மாலைச் சிறப்பு வகுப்பில் உட்காரவைத்து, அந்த 16 மதிப்பெண்ணும் கொஞ்சம் ஒரு மதிப்பெண் வினாக்களும் என்று 35-ஐத் திரட்டுகிறார்கள். இதை இழிவாகப் பேசுவதில் பொருளில்லை. தேர்ச்சி ஒரு பிள்ளையின் மேற்படிப்பையே தீர்மானிக்கிறது. ஆனால் மதிப்பெண்ணுக்காக வரைந்த தொடுகோடு, வட்டத்தை ஒரே புள்ளியில் தொடுவது ஏன் என்ற கேள்வி அந்த மாலையில் எழுவதே இல்லை.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம் தலைமையில் இயங்கிய கணிதக் குழுவும் இந்தச் சிக்கலைத்தான் தொட்டது. பள்ளிக் கணிதத்தின் முதல் நோய் அச்சமும் தோல்வி உணர்வும் என்று அது கண்டது. குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை நோக்கம், கணக்குப் போடும் திறன் அதற்கு அடுத்ததே என்றது.

தேர்வு நெருக்கடிக்குள்ளும் இந்த நோக்கத்துக்கு இடம் தேடும் ஆசிரியர்கள் செய்வது எளிமையானது. வாரத்தில் ஒரு பாடவேளையைக் கணித மன்றத்துக்கு ஒதுக்குகிறார்கள். அதில் மதிப்பெண் இல்லை, திருத்துவதற்கு நோட்டும் இல்லை. ஒரு புதிரைப் பலகையின் ஓரத்தில் எழுதி, விடை வரும்வரை அழிக்காமல் விடுகிறார்கள். அதற்குச் செலவாவது ஒரு காலண்டர் தாளும் கொஞ்சம் பொறுமையும்.