கெட்டிமேளத்தின் முகம்

கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில விநாடிகளில் மண்டபத்தில் உள்ள கேமரா, கைப்பேசி எல்லாமே தாலியைத்தான் பார்த்திருக்கும். முழக்குகிறவர்களை யாரும் எடுப்பதில்லை. கும்பகோணம் பக்கத்துக் கல்யாணங்களில் படம் எடுத்துப் பிழைக்கும் என்னை மேளத்தின் பக்கம் திருப்பியவர் ஒரு பெரியவர், தவில்காரர். முகூர்த்தம் நெருங்க நெருங்கக் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஐயர் கை காட்டுறது தெரியணும் தம்பி. நாம பிந்திட்டா எவனாவது தும்முறது தாலி கட்டுறப்ப காதுல விழுந்துரும்" என்றார்.

இப்போதெல்லாம் தாலியை உதவியாளர் எடுக்கிறார். நான் மேளத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன்.

தவில்காரரின் வலக்கை விரல்களில் பசை தடவித் துணி சுற்றிக் காயவைத்த கூடுகள், இடக்கையில் பூவரசங்குச்சி. ஷட்டரை 1/500-இல் வைத்தால் குச்சி அப்படியே நிற்கும். ஆனால் பல மண்டபங்களின் எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 1/100-க்கோ 1/50-க்கோ இறங்கினால் பட்டை போகும், குச்சி கலங்கும். கலங்கட்டும். முகம் தெளிவாக இருந்து கை மட்டும் புகையாய்க் கரைந்த படத்தில்தான் எனக்குச் சத்தம் கேட்கிறது.

நாகஸ்வரம் வேறு மாதிரி. ஊதும்போது எல்லார் கன்னமும் ஒன்றுபோல்தான் உப்பும். ஆள் வெளிப்படுவது, வாசிப்பை நிறுத்தித் தவிலுக்கு வழிவிடும்போது. கருவி மடியில் சாயும், சீவாளியை உதடு ஈரப்படுத்தும், கை தொடையில் தாளம் போடும், கண் தவிலை விட்டு நகராது. தவிலின் முத்தாய்ப்பான தீர்மானம் மூன்றாம் முறை வந்து தாளத்தின் தொடக்கமான சமத்தில் விழும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வைக்காகவே ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒரு வித்வானிடம் உட்கார்ந்து பழகினேன். கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் அது போயிருக்கும். காதால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

ஆல்பத்தில் இரண்டு பக்கம் மேளத்துக்கு என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன். "அதுக்குப் பதிலா மாமா வீட்டைப் போடுங்களேன்" என்பார்கள். மாமா வீட்டுக்குப் பக்கம் கூட்டிக்கொள்ளலாம், மேளத்தை நீக்க மாட்டேன். குழுவுக்கு ஒரு பிரதி என் செலவில் போகிறது. ஊரெல்லாம் கல்யாணத்துக்கு வாசித்த அந்தப் பெரியவர் வீட்டில், அவர் தவிலோடு இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை என்று அவர் மகள் சொன்னபின் ஆரம்பித்த வழக்கம் இது.