ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் போனும் கையுமாக வந்து நிற்பார்கள். “அக்கா, ஃபோட்டோ ஏற மாட்டேங்குது.” பெயர், முகவரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எண் எல்லாம் நிரப்பியாயிற்று. புகைப்படம் 20 கேபிக்குக் குறையாமல், 50 கேபிக்கு மிகாமல் இருக்க வேண்டும். கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். அந்த இடத்தில் வந்து விண்ணப்பம் நின்றுவிடுகிறது. 2024இல் குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்கிற தேர்வு அது. ஒரு படத்தை எப்படிச் சுருக்குவது என்று அந்தப் பத்து வகுப்பில் யாராவது ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டர் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

சுருக்குவது என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேலை. படத்தின் நீள அகலத்தைக் குறைப்பது ஒன்று. நீள அகலம் அப்படியே இருக்க, தரத்தைக் குறைப்பது இன்னொன்று. இன்றைய சாதாரண போன் எடுக்கும் படம் 3000க்கு 4000 பிக்சல், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். மூன்று நான்கு எம்பி இருக்கும். அத்தனை புள்ளியையும் வைத்துக்கொண்டு 50 கேபிக்குள் திணித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்குக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். முதலில் தோள் வரை வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு நீள அகலத்தை இறக்க வேண்டும். தரத்தில் கை வைப்பது கடைசியில்தான். வங்கித் தேர்வு விண்ணப்பங்கள் 200க்கு 230 பிக்சல் என்று அளவையே சொல்லிவிடுகின்றன. கணக்குப் போட்டால் 46,000 புள்ளிகள். போன் எடுத்ததில் 260இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலேயே முகம் தெளிவாகத் தெரியும். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் எதிரில் நிற்கும் ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்க அது தாராளமாகப் போதும்.

இந்த வரிசையில் செய்தால் சில சமயம் படம் 20 கேபிக்கும் கீழே போய்விடும். அப்போது பிள்ளைகள் பதறுவார்கள். சேமிக்கும்போது தரத்தை ஏற்றி வைத்தால் எடை கூடிவிடும், அவ்வளவுதான். ஆனால் மூலப்படத்திலிருந்துதான் அதைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே நசுங்கிய படத்தைத் தரம் ஏற்றிச் சேமித்தால் கேபி கூடுமே தவிர, போன புள்ளிகள் திரும்பி வராது. இந்தக் கீழ் எல்லையைப் பலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கு அது நல்ல விதியாகத்தான் படுகிறது. அடையாளமே தெரியாத படத்தோடு ஒரு பிள்ளை தேர்வு மையத்துக்குப் போய் நிற்பதை அது ஓரளவு தடுக்கிறது.

ஜேபெக் படத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் வேலை இன்னும் எளிது. படத்தை அது எட்டுக்கு எட்டு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 புள்ளிகளைத் தனித்தனியாக எழுதிவைக்காமல், அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம் எவ்வளவு, அது மெல்ல மாறுகிறதா, சட்சட்டென்று மாறுகிறதா என்று பிரித்துக் கணக்கெடுக்கிறது. சட்டென்ற மாற்றங்களில் நம் கண் கவனிக்காதவற்றை முதலில் கழித்துவிடுகிறது. வெறும் சுவர் என்றால் எழுத ஒன்றுமில்லை. கட்டம்போட்ட சட்டை, ஜரிகை, பின்னால் அசைகிற வேப்பிலை எல்லாம் எடையைத் தின்னும். வெள்ளைப் பின்னணியும் ஒரே நிறச் சட்டையும் வேண்டும் என்று ஸ்டூடியோ அண்ணன்கள் சொல்வதில் இந்த லாபமும் இருக்கிறது: 50 கேபியில் பெரும்பங்கு முகத்துக்குப் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972இல் இந்த ஆராய்ச்சிக்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்தாராம். அடுத்த கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே அவர் அதில் உட்கார்ந்து வேலை பார்த்தார். 1974 ஜனவரியில் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து கட்டுரையை வெளியிட்டார். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்றவர். 1992இல் ஜேபெக் தரம் வந்தபோது இவர்களுடைய கணக்குதான் அதன் நடுநாயகம். கிண்டியில் படித்த ஒருவருக்கும் பங்குள்ள கணக்கு, இன்று கமுதியிலும் கல்வராயன் மலையிலும் இருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகளின் முகத்தைச் சுமந்து போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பள்ளிப் பாடத்தில் இந்த மூன்று பெயரும் இருக்க வேண்டும்.

கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, நிழல் விழாமல் எடுத்து, ஓரம் ஒட்டி வெட்டினால் சிக்கலே இல்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். “50 கேபி ஆக்கித் தருகிறோம்” என்று கூப்பிடும் இணையதளங்கள் நிறைய. அவற்றில் பல எங்கிருந்து நடக்கின்றன என்றே தெரியாது. ஒரு பிள்ளை தன் முகம், கையெழுத்து, பல சமயம் ஆதார் அட்டையின் படம் என மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. போனிலேயே இணையம் இல்லாமல் வேலை செய்யும் செயலிகள் இருக்கின்றன. கணினியில் பெயின்ட் இருக்கிறது. பெயின்டில் ரீசைஸ் அழுத்தி, பிக்சல் என்பதைத் தேர்ந்து, நீள அகல விகிதம் மாறாமல் இருக்கும் கட்டத்தை டிக் செய்து, அகலத்தை மட்டும் அடித்தால் உயரம் தானாக வரும். அந்த டிக்கை எடுத்துவிடுவதால்தான் பல ஹால் டிக்கெட்டுகளில் முகம் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கிறது.

இன்னொரு பழக்கம் இதைவிட வருத்தம் தருவது. ஸ்டூடியோவில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வழக்கமான முறையில் அனுப்பினால் அது நீண்ட பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்கு இறக்கிவிடும். எடுத்த தேதி, இடம் பற்றிய விவரமும் உதிர்ந்துபோகும். வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வெட்டி, அதை மறுபடி சுருக்குகிறார்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகிறது. விண்ணப்பம் ஏறியதும் “அதான் போட்டாச்சே” என்று பெரிய படத்தை அழித்துவிடுகிறார்கள். போனில் இடம் வேண்டுமே.

அந்தப் பெரிய படத்தின் மதிப்பு துக்க வீட்டில்தான் தெரியும். யாரோ திடீரென்று போய்விடுகிறார்கள். மாலைக்குள் பிளெக்ஸ் அடிக்க வேண்டும், பதினாறாம் நாளுக்குள் பிரேம் போட வேண்டும். வீடே சேர்ந்து போனைத் துழாவும். அகப்படுவது என்றோ ஒரு விண்ணப்பத்துக்குச் சுருக்கிய படம். 12க்கு 18 அங்குலச் சட்டத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளியாவது வேண்டும், அதாவது 1800க்கு 2700 பிக்சல். 200 பிக்சல் அகலப் படத்தை அந்தச் சட்டத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 17 புள்ளிகூடத் தேறாது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதையும் பெரிதாக்கித் தருகின்றன. பளபளவென்று வருகிறது. ஆனால் இல்லாத புள்ளிகளை அந்தச் செயலி எங்கே போய் எடுக்கும்? எத்தனையோ பேருடைய முகங்களைப் பார்த்துப் பழகியதிலிருந்து இட்டு நிரப்புகிறது. கன்னத்து மச்சம் இருக்காது. சிரித்தால் ஒரு கண் சற்றே சுருங்குமே, அது இருக்காது. மாலை போட்டு மாட்டியபிறகு அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்து, “இது உங்கப்பா மாதிரி இல்லியே” என்பார். அவர் சொல்வது முற்றிலும் சரி.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளை, சுருக்குவதற்கு முன்னால் ஒரு நகல் எடுக்கச் சொல்கிறேன். மூலப்படத்துக்குத் தன் பெயரும் வருடமும், சுருக்கியதற்குப் பெயரோடு 50 கேபி என்றும் எழுதிச் சேமிக்கச் சொல்கிறேன். மூலப்படம் கூகுள் டிரைவுக்கோ, வீட்டில் யாருடைய பென் டிரைவுக்கோ அன்றைக்கே போய்விட வேண்டும். ஸ்டூடியோக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எட்டு காப்பி பாஸ்போர்ட் படத்தை உறையில் போட்டுக் கொடுக்கும்போது, கேமராவில் எடுத்த அசல் கோப்பையும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பிவிடுங்கள். டாக்குமென்ட்டாகப் போனால் ஒரு புள்ளியும் குறையாது. உங்களுக்கு அரை நிமிட வேலை. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் கேட்டபோது, “யாரும் கேக்கறதில்லக்கா, கேட்டா குடுத்துடுவோம்” என்றார் அங்கிருந்த தம்பி. கேளுங்கள்.