அடுத்த பறவைக்கு நேரமாச்சு

ஈக்வடோரில் ஆண்டு முழுக்கக் காலை ஆறு மணி வாக்கில்தான் விடியும். மேகக்காட்டுப் பறவைகள் மும்முரமாக இரை தேடுவதும் குரல் கொடுப்பதும் அதற்கடுத்த இரண்டு மூன்று மணி நேரம். அப்போது காட்டுக்குள் நிற்க வேண்டுமானால் வேன் இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட பறவையினங்கள். பறவை பார்க்க வந்தவர்கள் கையில் இரண்டே வாரம்.

மிண்டோ ஊர்ப் பக்கம் ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி, காக்-ஆஃப்-த-ராக் ஆண்பறவைகள் கூடி ஆடும் இடத்துக்கு ஆட்களை அழைத்துப்போகப் பாதை வெட்டினார். அந்தப் பாதையில் மண்புழு பொறுக்க வந்து நின்றது ராட்சத ஆன்ட்பிட்டா. புதரடி இருட்டை விட்டு எளிதில் வெளிவராத பறவை அது. புழு போட்டுப் பழக்கி, மரியா என்று பெயரும் வைத்தார். இப்போது அங்கே போகிற குழுக்கள் விடியலில் ஆட்டம் பார்த்து, பிறகு சேற்றுச் சரிவுகளில் ஏறி இறங்கி, ஆன்ட்பிட்டாக்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போகின்றன. அதெல்லாம் முடிந்த பிறகே வாழைக்காய் உருண்டையும் எம்பனாடாவும். அவற்றின் ருசியில் பசிக்கும் பங்கிருக்கலாம்.

வழிகாட்டியின் தொழில் நுணுக்கம் பறவையைக் கண்டுபிடித்த பின்தான் தொடங்குகிறது. ஒற்றையடிப் பாதையில் எட்டுப் பேர். ஸ்கோப்பைக் குழுவிலேயே குள்ளமானவரின் உயரத்துக்கு வைக்க வேண்டும், நெட்டையானவர் குனிந்துகொள்வார். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாம். ஓயாமல் ஒலித்தால் அது போட்டிப் பறவை வந்துவிட்டதென்று அலைக்கழியும், அல்லது பதில் சொல்வதையே நிறுத்திவிடும். ஏழு பேர் பார்த்தாயிற்று, ஒருவர் மட்டும் பார்க்கவில்லை என்றால்? அவருக்காகக் காத்திருந்தால் அடுத்த இடத்தில் எட்டுப் பேருக்கும் நஷ்டம். நகர்ந்துவிட்டால் இரவுச் சாப்பாட்டின்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பட்டியலை நீட்டும் இந்த ஓட்டத்தில் அதுவரை யாரும் எட்டாத தூரம் போனவர் அமெரிக்காவின் ஃபீபி ஸ்னெட்சிங்கர். 1981-இல் மெலனோமா புற்றுநோய் என்று தெரிந்தபின் பயணங்களைக் கூட்டினார். 8,000-க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்தார். 1999-இல் மடகாஸ்கரில், பறவைப் பயணத்தின் நடுவே, வேன் கவிழ்ந்து இறந்தார். பாம்பைவிடச் சாலைக்கே வழிகாட்டிகள் அதிகம் அஞ்சுவதில் வியப்பில்லை.

மிண்டோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீட்டர். சில நாள் கழித்துப் போகும் பாப்பயாக்தா கணவாய் 4,000 மீட்டருக்கு மேல். குளிர்காற்றில் சீட்ஸ்னைப் பறவையைத் தேடும்போது மூச்சு முட்டுகிறவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், பணம் கட்டி வந்தவராயிற்றே. ஆனால் பைனாகுலரைத் தூக்க அவர் கை தாமதிக்கும். அதைக் கவனித்துவிட்ட வழிகாட்டி, மதியம் கீழே குவாங்கோ விடுதியில் வண்டியை நிறுத்துவார். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணங்களுக்கு, உடலைவிட நீண்ட அலகுடன் வாளலகு ஹம்மிங்பேர்ட் வரும். உட்கார்ந்தபடியே பட்டியல் வளரும்.

இரவில் சாப்பாட்டு மேசையில் பட்டியல் வாசிப்பு: பார்த்தவை, குரல் மட்டும் கேட்டவை. "ஆந்தை பார்க்கப் போகலாமா?" என்று கேட்டால் எவ்வளவு களைத்தவரும் மறுப்பதில்லை. அதனால் அனுபவமுள்ள வழிகாட்டிகள் கேட்பதேயில்லை. விருப்பமுள்ளவர்கள் வாசலுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். எல்லோரும் படுத்த பிறகு, மறுநாள் பாதையில் மண்சரிவு உண்டா என்று டிரைவரிடம் விசாரித்து, சமையலறையில் காலைச் சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.