சாவிக்குப் பின்னால் நடக்கும் வேலை

சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையில், உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவுகளும் பம்பர்களும் ரேடியேட்டர்களும் தெரு நெடுகக் குவிந்து கிடக்கும். வாகன உதிரி பாகம் என்றாலே ஊருக்கு நினைவு வருகிற இடம் அது. அதே தெருக்களில், விற்பதற்கென்று பெரிதாக எந்தச் சரக்கும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தொழில் நடக்கிறது. ஒரு ஸ்டூல், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கட்டிங் பிளேயர், கறுப்பு டேப். கார் எலக்ட்ரீஷியனுக்கு இவை போதும். மற்றதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது.

அப்படி ஒருவருடைய கடையில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க அனுமதி கேட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். “தாராளமா பாருங்க சார். நான் சத்தம் கேக்கும்போது மட்டும் பேசாதீங்க” என்றார். அவர் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான். எனக்குக் குறிப்பாக ஒரு வகைக் கோளாறைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பியும் வண்டி எடுக்காமல் போவது, ஓடும்போதே எல்லாம் மொத்தமாக அணைந்துபோவது. கோளாறு சாவியிடம் இருக்க, பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றிப் பணத்தை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கால் டாக்ஸி ஓட்டும் இளைஞர் ஒருவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். வண்டியைப் பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “பாய், செல்ஃப் எடுக்கல. பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன். செல்ஃப் மோட்டாரையும் கழட்டி சர்வீஸ் பண்ணியாச்சு. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, மறுபடியும் அதே கதை.”

பாய் பானெட்டைத் திறக்கவில்லை. கேட்க ஆரம்பித்தார். “சாவி போட்டா மீட்டர்ல லைட்டு வருதா? செல்ஃபுக்குத் திருப்பும்போது அந்த லைட்டு மங்குதா, அணையுதா, அப்படியே நிக்குதா? டக்குன்னு சத்தம் ஏதாவது வருதா? காலையிலயும் இப்படியா, வண்டி சூடானப்புறம் மட்டுமா?”

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது. செல்ஃபுக்குத் திருப்பும்போது விளக்குகள் நன்றாக மங்கி, டக் டக் என்று அடித்தால் பேட்டரியில் வலுவில்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. எல்லாமே அணைந்துபோனால் பேட்டரி கம்பியோ எர்த் கம்பியோ எங்கோ விட்டிருக்கிறது. விளக்குகள் மங்காமல் நின்று, சத்தமும் வரவில்லை என்றால், பெரும்பாலும் செல்ஃப் மோட்டாருக்குப் ‘புறப்படு’ என்ற கட்டளையே போகவில்லை. ஸ்விட்ச், ரிலே, இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி, ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் சென்சார், இவற்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். டாக்ஸிக்காரர் சொன்னது மூன்றாவது வகை.

இந்த இடத்தில் ஸ்விட்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் சாவி நுழைக்கும் துவாரம் ஸ்விட்ச் இல்லை. அது வெறும் பூட்டு. அதற்குப் பின்னால், ஸ்டீயரிங் தண்டின் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும் சிறு பெட்டிதான் இக்னிஷன் ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து வரும் ஒரு தடித்த கம்பி அதற்குள் நுழைகிறது. சாவி நிற்கும் நிலையைப் பொறுத்து அங்கிருந்து பல கம்பிகளாகப் பிரிகிறது. முதல் திருப்பலில் பாட்டுப் பெட்டிக்கு, இரண்டாவதில் எஞ்சினுக்கும் மீட்டருக்கும் வைப்பருக்கும் ஏசி புளோயருக்கும், கடைசித் திருப்பலில் செல்ஃபுக்கு. ஐரோப்பிய வண்டிகளில் இந்த முனைகளுக்கு எண்கள் உண்டு: பேட்டரிக்கு 30, இக்னிஷனுக்கு 15, செல்ஃபுக்கு 50. கடையில் வேலை பழகும் பையனுக்குப் பாய் முதலில் மனப்பாடம் செய்யச் சொன்னது இந்த எண்களைத்தான்.

ஸ்டீயரிங் மூடியைத் திறந்ததும் பையன் மல்டிமீட்டரை எடுத்தான். செல்ஃபுக்குப் போகும் கம்பியின் இணைப்பான கப்ளரைக் கழற்றி, முனையில் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னான். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. “கரண்ட் வருது அண்ணா” என்றான். பாய் எதுவும் சொல்லாமல் டெஸ்ட் லேம்பை நீட்டினார். அதே முனையில் அதை வைத்தபோது பல்பு சிவப்பாக, அழுது வடிந்துகொண்டு எரிந்தது. ஸ்விட்சுக்குள் நுழையும் கம்பியில் வைத்தபோது பளீரென்று எரிந்தது. கோளாறு அகப்பட்டுவிட்டது. உள்ளே வரும் மின்சாரம் முழுசாக இருக்கிறது, வெளியே போவது அரைகுறையாக இருக்கிறது. ஸ்விட்சின் உள்ளேயே அது தொலைகிறது.

மீட்டர் ஏன் 12 காட்டியது? பாய் பையனுக்குச் சொன்ன விளக்கத்தைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. “அடைச்ச குழாயில விரல வெச்சுப் பார்த்தா தண்ணி முட்டிக்கிட்டுத்தான் நிக்கும்டா. பக்கெட்டு வெச்சாத்தான் சொட்டு சொட்டா வர்றது தெரியும். மீட்டர் விரலு, பல்பு பக்கெட்டு.” மீட்டர் தனக்கென்று கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. ஒற்றை மயிரிழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்பு சுமை ஏற்றிப் பார்க்கிறது. மீட்டராலும் இதையே சரியாகச் செய்யலாம். சுமை ஓடும்போது, ஸ்விட்சின் உள்நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே எத்தனை வோல்ட் இழப்பு என்று அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் பாய் அந்த ஸ்விட்சை நம்புவதில்லை.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் பக்கம் கை வைப்பதற்கு முன் இது கட்டாயம். பேட்டரி துண்டிக்கப்பட்ட பின்னும் ஏர்பேக் கருவியில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். பிறகு இரண்டு திருகுகளை எடுத்து ஸ்விட்சை மட்டும் பிரித்தார். பூட்டும் சாவியும் அப்படியே இருந்தன. முழு கீ செட்டையும் மாற்ற வேண்டும் என்று வேறு இடத்தில் அந்த இளைஞரிடம் சொல்லியிருந்தார்களாம். தேவையே இல்லை.

பழைய ஸ்விட்சைப் பிளந்து என்னிடம் காட்டினார். செம்புத் தகடு கறுத்து, குழிகுழியாக அரித்திருந்தது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. எமரி தாளால் தேய்த்துப் போட்டால் ஓடும்தான். “ஓடும் சார். ஒரு மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏர்போர்ட் ரோட்டுல நின்னா இந்தத் தம்பி யாரைக் கூப்பிடும்?” தேய்ப்பதற்குப் பாய் மறுத்துவிட்டார்.

தகடு ஏன் எரிகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கணக்கு எளிது. தேய்ந்த தகட்டில் வெறும் 0.1 ஓம் தடை உண்டானால் போதும். அதன் வழியே 20 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலையும். 40 வாட் வெப்பமாக மாறும். தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் 40 வாட். சூட்டில் தகடு இன்னும் கறுக்கும், தடை இன்னும் கூடும். இந்தச் சுற்றைத் தொடங்கிவைப்பது பெரும்பாலும் நாம்தான். கூடுதல் ஹாரன், மஞ்சள் விளக்குகள், பெரிய ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ரிலே இல்லாமல் நேராக இக்னிஷன் கம்பியில் முறுக்கிவிடுகிறார்கள். ரிலே வைத்தால் ஸ்விட்ச் ஒரு சிறு காந்தத்தை இயக்கும் அளவுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும். பளு முழுவதும் பேட்டரியிலிருந்து தனிக் கம்பியில், பியூஸ் வழியாகப் போய்விடும். செலவு சில நூறு ரூபாய். அந்த டாக்ஸியிலும் புளோயர் கம்பியோடு இரண்டு விளக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாய் அவற்றைப் பிரித்து ரிலே போட்ட பிறகுதான் புது ஸ்விட்சை மாட்டினார்.

எப்போதும் இருக்கிற கோளாறு சுலபம். வந்து வந்து போகிற கோளாறுதான் மனிதனின் பொறுமையைத் தின்கிறது. குடும்பத்தோடு வந்த ஒருவரின் பழைய மாருதி வேன் வேகத்தடையில் ஏறி இறங்கினால் சில சமயம் அணைந்துவிடும். உடனே மறுபடி எடுத்துவிடும். கடைக்கு வந்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பாய் எஞ்சினை ஓடவிட்டு, சாவியை மிக லேசாக இடமும் வலமும் அசைத்தார். ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கைக் கீழ்நோக்கி அழுத்தினார். கம்பிக் கொத்தை ஒவ்வொரு இடமாகப் பிடித்து ஆட்டினார். ஒரு டெஸ்ட் லேம்பை இக்னிஷன் கம்பியில் மாட்டி, கண்ணில் படும்படி டேஷ்போர்டில் தொங்கவிட்டுத் தெருவைச் சுற்றி வந்தார். வெயில் ஏறி வண்டி சூடான பிறகு, ஒரு பள்ளத்தில் எஞ்சின் இருமியது; அதே நொடி பல்பும் கண் சிமிட்டியது. அந்த ஒரு சிமிட்டல் கிடைக்க அரை நாள் ஆனது. பெட்ரோல் பம்பு, காயில், கார்புரேட்டர் எதன் மீதும் பழி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கப்ளரைத் திறந்தபோது ஒரு முனை அகன்று, தளர்ந்து, பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

களிம்பு சென்னைக்கு வாய்த்த நோய். கடற்காற்றில் எப்படியும் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரில் ஏராளமான கார்கள் மூழ்கின. எஞ்சினைக் கழுவி, சீட்டைக் காயவைத்து, ஓடுகிறது என்று எடுத்துப் போனவர்கள் பலரும் மாதங்கள் கழித்துத்தான் இந்தத் தெருவுக்கு வந்ததாகப் பாய் சொன்னார். தண்ணீர் வடிந்தாலும் கப்ளருக்குள் புகுந்த சேற்றின் ஈரம் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். மூழ்கிய வண்டியை வாங்குகிறவர்கள் ஸ்டீயரிங் மூடிக்குக் கீழே உள்ள கப்ளர்களைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பூட்டுப் பக்கக் கோளாறுகள் வேறு ரகம். சாவி திரும்பவில்லை என்று பதறி வருகிறவர்களில் சிலருக்குச் சக்கரம் மடங்கி ஸ்டீயரிங் லாக் இறுகியிருக்கும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் ஆட்டிக்கொண்டே திருப்பினால் விடும். தேய்ந்த சாவியை வைத்துப் போட்ட டூப்ளிகேட் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்திருக்கும். பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி பசையாகிவிடும், கிராஃபைட் பொடிதான் ஏற்றது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல், மீட்டரில் சாவிப் படம் சிமிட்டினால் அது ஸ்விட்ச் கோளாறே இல்லை. சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்று பொருள். அதற்கு ஸ்கேனர் வேண்டும். பட்டனை அழுத்தி எடுக்கும் புது வண்டிகளுக்கும் அப்படித்தான். பாய் அவற்றைத் தன் மருமகனிடம் அனுப்புகிறார்.

பாயின் கடைக்கு வருகிற ஒவ்வொருவரின் சாவிக் கொத்தையும் அவர் கையில் எடை பார்க்கிறார். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் சேர்த்துத் தொங்கினால் கழற்றச் சொல்கிறார். அந்தப் பளு ஓட்டத்தில் ஆடி ஆடி ஸ்விட்சைத் தளர்த்தும். இது மூத்தவர்களின் வெறும் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கோபால்ட் போன்ற கார்களில், சாவியை அதன் நிலையில் பிடித்து நிறுத்தும் சிறு முளை போதிய இறுக்கம் இல்லாமல் அமைந்திருந்தது. கொத்தின் பளுவாலோ முழங்கால் பட்டோ சாவி ஓட்டத்தின் நடுவே பின்னுக்கு நழுவும். எஞ்சின் நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், மோதினால் ஏர்பேக் விரியாது. 2014ல் 26 லட்சம் கார்கள் வரை திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி 124 மரணங்களை இந்தக் கோளாறோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. அந்தக் கோளாறு அம்பலமானதும் புதுப்பேட்டை பாணியில்தான். இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்காக வேலை செய்த பொறியாளர், விபத்துக் காரின் ஸ்விட்சையும் கடையில் சுமார் 30 டாலருக்கு வாங்கிய புது ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாக எண் ஒன்றுதான். புதியதில் முளை நீளமாக இருந்தது. எண்ணை மாற்றாமலேயே பாகத்தைத் திருத்தியிருந்தார்கள். கையால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது.

அந்தப் பழக்கத்துக்கு இங்கே நாம் என்ன கொடுக்கிறோம்? வேன்காரரின் கப்ளரைச் சுத்தம் செய்து, முனையை மாற்றி, சால்டர் வைத்து முடித்ததும் பாய் 600 ரூபாய் கேட்டார். “ஒரு லக்கு மாத்தினதுக்கா பாய்?” என்றார் அவர். பேசிப் பேசி 400க்குக் கொண்டுவந்தார். அரை நாள் தெருத் தெருவாகச் சுற்றிக் கோளாறைப் பிடித்த உழைப்புக்கு அந்தப் பேரத்தில் ஒரு காசும் இல்லை. உதிரி பாகத்துக்கு விலை உண்டு, மாட்டுகிற கூலியும் உண்டு. கண்டுபிடிக்கிற கூலி மட்டும் நம் ஊரில் கணக்கிலேயே வருவதில்லை. அதனால்தான் பல கடைகளில் கண்டுபிடிக்காமலேயே பேட்டரியையும் மோட்டாரையும் மாற்றிவிடுகிறார்கள், அதில்தான் வரும்படி. எனக்கு இது கோபமூட்டுகிறது. பையன் இன்னும் எத்தனை காலம் இந்தத் தொழிலில் இருப்பான் என்று கேட்டபோது பாய் பதில் சொல்லவில்லை. பையனே சொன்னான்: “டெலிவரிக்குப் போலாம்னு இருக்கேன் சார்.”

கார் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடும்போது, என்ன மாற்ற வேண்டும் என்று கேட்பதற்கு முன், கோளாறைக் கண்டுபிடிக்க எவ்வளவு என்று கேளுங்கள். அவர் சொல்கிற தொகையைப் பேரம் பேசாமல் தனியாகக் கொடுங்கள்.