பேய் வீட்டுக்கு ஒரு டிக்கெட்!

எல்லா காலேஜ் ஹாஸ்டல்லயும் ஒரு பூட்டின ரூம் இருக்கும். அதுக்குள்ள நடுராத்திரியில சலங்கைச் சத்தம் கேட்டதா ஒரு சீனியர் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுவார். 'நீங்க கேட்டீங்களாண்ணா?'ன்னு கேட்டுப் பாருங்க... அவரோட சீனியர் கேட்டாராம்!

இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் பெரியண்ணன் ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு. அங்கே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பேய் வீட்டுக்குள்ள போறாங்க ஜனங்க. வாங்க, நாமளும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.

கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது சான் டியாகோ. டவுன்டவுனில் டிராலி ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஓல்டு டவுன். இறங்கி நடந்தால், வெள்ளைத் தூண் வைத்த முகப்போடு ஒரு செங்கல் மாடி வீடு. பேரு 'வேலி ஹவுஸ்'. நம்ம ஊர் முள்வேலி இல்லீங்க, வீட்டைக் கட்டினவர் பேரு தாமஸ் வேலி. நியூயார்க்கில் பிறந்து, 1849-ல் தங்க வேட்டை காலத்தில் கப்பலேறி கலிஃபோர்னியா வந்த வியாபாரி. வந்த இடத்தில் அவர் தங்கம் தோண்டவில்லை, கடை போட்டார். விவரமான ஆள்!

தூக்கு போட்ட இடம்

விவரமான ஆளு இடம் வாங்கினதுதான் விவகாரம். 1852-ல் 'யாங்கி ஜிம்' என்ற ஜிம் ராபின்சனை ஊரே கூடி நின்று தூக்கில் போட்டது அந்த இடத்தில்தான். அப்படி என்ன செய்தார்? ஒரு படகைத் திருடப் பார்த்தார். அவ்வளவுதான்! கூட இருந்த ரெண்டு பேருக்கு ஒரு வருஷம் ஜெயில், இவருக்கு மட்டும் கயிறு. ஆள் ரொம்ப உயரம். அதனால் உயிர் சட்டென்று போகவில்லை என்கிறார்கள். அன்றைக்கு வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தாமஸ் வேலியும் இருந்தாராம். ஆனாலும் மனுஷன் பிறகு அதே இடத்தை வாங்கி, 1857-ல் வீட்டைக் கட்டி, மனைவி அன்னாவோடும் குழந்தைகளோடும் குடியேறிவிட்டார்.

குடியேறியதுமே மாடியில் யாரோ கனமான பூட்ஸ் போட்டு நடக்கிற சத்தம் கேட்டதாம். 'அது யாங்கி ஜிம்தான்' என்று வீட்டுக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். கீழே ஹாலுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவில் இருக்கிற வளைவைக் காட்டி, 'தூக்குமரம் இங்கேதான் நின்னுச்சு' என்பார்கள். அதன் அடியில் கடந்து போறப்ப கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்காதவங்க கம்மி!

ஒரே வீடு, பல வேஷம்

பேயை ஓரமா வெச்சுட்டுப் பார்த்தாலும் இது சுவாரஸ்யமான வீடுதான். கீழே பலசரக்குக் கடை. 1868-ல் மாடியில் ஒரு நாடகக் கம்பெனி மேடை போட்டது. 1869-ல் ஒரு பகுதி கோர்ட்டாக மாறியது. அந்த வாடகையும் நிலைக்கவில்லை. ஊரின் மையம் 'நியூ டவுன்' பக்கம் நகர, 1871-ல் தாமஸ் வெளியூர் போயிருந்த சமயம், ஆயுதங்களோடு வந்த கும்பல் கோர்ட் ரெக்கார்டுகளை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டது. கோர்ட் ரூமை இன்றைக்கும் பெஞ்சுகளோடு பார்க்கலாம்.

வயலெட்

இனிமேதான் மனசு கனக்கிற ஏரியா. 1858-ல், ஒன்றரை வயசுக் குழந்தை தாமஸ் காய்ச்சலில் இறந்தது இந்த வீட்டில்தான். தொட்டில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்பார்கள்.

அடுத்து, மகள் வயலெட். 1882-ல் அவளுக்கும் அக்காவுக்கும் ஒரே நாளில் கல்யாணம். வயலெட்டுக்கு வாய்த்த மாப்பிள்ளை பணத்தைக் குறிவைத்து வந்த ஃபிராடு. தேனிலவு போன இடத்திலேயே விட்டுட்டு ஓடிட்டான். தனியாகத் திரும்பி வந்தவளை ஊர் எப்படிப் பார்த்திருக்கும்னு நமக்குச் சொல்லணுமா என்ன? ஏமாத்தினவனை விட்டுட்டு ஏமாந்தவளைப் பேசுறது அந்த ஊருக்கு மட்டும் சொந்தமான பழக்கமா? விவாகரத்து வாங்கினாள். மனச்சோர்வு விடவில்லை. 1885-ல், 22 வயசில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். ஏறக்குறைய உங்க வயசு!

அதற்குப் பிறகு குடும்பம் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நியூ டவுனுக்குப் போய்விட்டது. பல வருஷம் பூட்டியே கிடந்த வீட்டுக்கு 1909-ல் மகன் ஃபிரான்சிஸ் திரும்பி வந்தார். வெளியே போர்டு மாட்டி, கிடார் வாசித்து, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். குடும்பத்தின் கடைசி ஆளாக இங்கே வாழ்ந்த லில்லியன் 1953-ல் இறந்தார். 1960-ல் வீடு மியூசியமானது.

பேய் நிஜமா?

தாமஸின் சுருட்டு வாசம், அன்னாவின் சென்ட் வாசம், மாடியில் ஒரு பெண்... லிஸ்ட் நீளம். பிரபல டி.வி. தொகுப்பாளர் ரீஜிஸ் ஃபில்பின்கூட 1964-ல் இங்கே அன்னாவின் உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னவர்தான். பழைய மரத்தளம் ராத்திரி குளிரில் 'கிறீச்'னு முனகுவது சகஜம். 'பேய் வீடு'ன்னு சொல்லி உள்ளே அனுப்பினா, நம்ம நிழலே நம்மளைத் துரத்தும்!

ஆனா ஒண்ணு. படகுக்காக ஒருத்தன் உசுரை எடுத்த ஊர்... ஏமாந்த பெண்ணைத் தனியே தவிக்கவிட்ட ஊர்... இதில் பயப்பட வேண்டியது யாரைப் பார்த்து?

அதனால, அடுத்த தடவை யாராவது 'அந்த ரூம்ல பேய் இருக்கு மச்சி'ன்னு ஆரம்பிச்சா, 'செத்தது யாரு, பேரு என்ன, என்ன நடந்துச்சு?'ன்னு கேளுங்க. பாதிக் கதை அங்கேயே படுத்துடும். மீதிப் பாதியில் ஒரு நிஜ மனுஷனோ மனுஷியோ இருந்தா, கிண்டல் பண்ணாமக் கேட்டுக்கோங்க. அப்படியே, இன்னைக்கு உங்க ஹாஸ்டல்ல கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயும் பேசாம ஒரு ஃப்ரெண்ட் இருந்தா, போய்த் தட்டுங்க. வயலெட்டுக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருக்கலாம்.