அன்று அரசர்களின் சாயம், இன்று மீனவர்களின் வலை... பைபிளில் வரும் தீரு நகரம்!

லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலிருந்து தெற்கே சுமார் 80 கி.மீ. சென்றால், கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம் வரும். வண்ணம் பூசிய படகுகள், கரையில் குவித்து வைத்த வலைகள், பக்கத்திலேயே கிறிஸ்தவர்கள் வாழும் குறுகலான சந்துகள். ஆனால், சுமார் 3,000 வருடங்களுக்கு முன்பு இது உலகின் பணக்காரத் துறைமுகங்களில் ஒன்று. தமிழ் பைபிளில் இதன் பெயர் தீரு. ஆங்கிலத்தில் டயர். உள்ளூர் மக்களுக்கு 'சூர்'. பாறை என்று அர்த்தம்.

நத்தை தந்த பணம்

அப்போது தீரு ஒரு தீவு. அங்கே வாழ்ந்த பினீசியர்கள் கப்பலோட்டுவதில் கெட்டிக்காரர்கள். கடல் நத்தையிலிருந்து அவர்கள் எடுத்த ஊதாச் சாயம் அரசர்களின் உடைக்குப் போனது. பைபிளில் 'இரத்தாம்பரம்' என்று வருகிறதே, அதுதான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வில், 12,000 நத்தைகளிலிருந்து கிடைத்தது வெறும் 1.4 கிராம் சாயம். விலை எக்கச்சக்கமாக இருந்ததற்கு வேறு காரணம் வேண்டுமா? சாயப் பட்டறைகளால் ஊரில் வாழ்வதே சிரமம், ஆனால் ஊர் பணக்காரமானதும் அவற்றால்தான் என்று பழைய கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார்.

எருசலேம் ஆலயம் கட்ட சாலமோனுக்குக் கேதுரு மரம் அனுப்பியவர் தீருவின் அரசர் ஈராம். பதிலுக்குக் கோதுமையும் எண்ணெயும் வந்தன. இருவரின் கப்பல்களும் பொன், தந்தத்தோடு மயில்களையும் ஏற்றி வந்ததாக பைபிள் சொல்கிறது. அங்கே மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'துக்கி'. அது நம் 'தோகை'தான் என்று கருதியவர்களில் கால்டுவெல்லும் ஒருவர்.

கடலில் போட்ட சாலை

'தீரு வலை விரிக்கும் வெறும் பாறையாகும்' என்ற பொருளில் எச்சரித்தார் எசேக்கியேல் தீர்க்கதரிசி. பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் 13 வருடங்கள் முற்றுகையிட்டார். அடுத்து, கி.மு. 332-ல் அலெக்சாண்டர் வந்தார். எதிர்க்கரையில் இருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டித் தீவு வரை பாதை போட்டார். ஏழு மாதத்தில் நகரம் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். அந்தப் பாதையின் இருபுறமும் மணல் சேர்ந்துகொண்டே போக, தீவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய ஊரின் ஒரு பகுதி அந்த மணல்மேல்தான் நிற்கிறது.

கரையில் ஒரு ஜெபம்

மகளுக்காகக் கெஞ்சிய கானானியப் பெண்ணை இயேசு சந்தித்தது தீரு, சீதோன் பக்கங்களில்தான். பின்னர், எருசலேமுக்குப் போகும் வழியில் பவுல் இங்கே ஏழு நாள்கள் தங்கினார். 'போக வேண்டாம்' என்று விசுவாசிகள் தடுத்தும் அவர் கேட்கவில்லை. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் கடற்கரை வரை வந்து, மண்டியிட்டு ஜெபித்து வழியனுப்பி வைத்தார்கள்.

ரோமானியர் காலத்துத் தூண்கள் நிற்கும் வீதி, வெற்றி வளைவு, சுமார் 480 மீட்டர் நீளமுள்ள தேர்ப்பந்தயத் திடல் ஆகியவற்றை இன்றும் பார்க்கலாம். 1984-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மீண்டும் வந்த போர்

2024 அக்டோபரில், லெபனானின் தென்பகுதிக் கடலில் யாரும் படகு இறக்கக் கூடாது என இஸ்ரேல் ராணுவம் எச்சரித்தது. தீருவின் படகுகள் கரையிலேயே நின்றன. அதே மாதம் நகருக்குள்ளும் குண்டுகள் விழுந்தன. ஊரின் பெரும்பகுதி காலியானது. நவம்பரில் தீரு உட்பட லெபனானின் 34 பாரம்பரிய இடங்களுக்கு யுனெஸ்கோ கூடுதல் பாதுகாப்பு அளித்தது. நவம்பர் 27-ல் போர் நிறுத்தம் அமலானதுமே, மெத்தை, பாத்திரங்களைக் கார் மேல் கட்டிக்கொண்டு தென்லெபனான் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள்.

தூண்களுக்கு யுனெஸ்கோவின் பாதுகாப்பு உண்டு. மீனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கடல் திறந்திருந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். சாயம் போனது, கப்பல்கள் போயின, அரசர்களும் போனார்கள். எசேக்கியேல் எச்சரிக்கையாகச் சொன்ன அந்த வலைதான் இன்று இந்தக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.