ஒன்றாம் எண்ணின் பூர்வீகம்

கணினியின் விசையை அழுத்தியது முதல் அது நம் கட்டளைக்குக் காத்து நிற்பது வரையில் கழிகின்ற சில விநாடிகளில், லினக்ஸின் கருவாகிய கெர்னல் விழித்தெழுந்து, வன்பொருளை அறிந்துகொண்டு, பின்னர் ஒரேயொரு புரோகிராமைத் தொடங்கி வைத்துவிட்டு, மற்றக் காரியங்களையெல்லாம் அதன் பொறுப்பில் விட்டுவிடுகிறது. ஒன்றாம் எண்ணைப் பெறும் அந்தப் புரோகிராமே சர்வீஸ்கள் அனைத்துக்கும் மூலம். தம்மைத் தோற்றுவித்த பிராசஸை இழந்து அநாதையாகும் பிராசஸ்களை ஏற்றுக்கொள்வதும் அதுவே. அது வீழ்ந்தால் கெர்னலும் அக்கணமே செயலற்றுப் போகும். இத்தகைய ஸ்தானத்தில் நெடுங்காலம் இருந்த பழைய இனிட்டை அகற்றிவிட்டுச் சிஸ்டம்டியை அமர்த்தியது தகுமா என்ற விவாதம், பெங்களூரில் சர்வர்களைப் பராமரித்து ஜீவிக்கும் எங்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. மூத்தவர்கள் பழையதற்காகவும் இளையவர்கள் புதியதற்காகவும் வாதிடுவதைப் பல ஆண்டுகள் கேட்ட பின்னர், அபிப்பிராயம் சொல்லுமுன் இதன் ஆதியை அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

யூனிக்ஸின் பழைய கையேடுகளில் தேடலைத் தொடங்கினேன். 1971 நவம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தார் தொகுத்த முதற்பதிப்பிலேயே இனிட் இடம் பெற்றிருக்கிறது. டெலிடைப் முனையங்களைத் திறந்து வைப்பதும், ஒருவர் வேலை முடித்து விலகியதும் அடுத்தவருக்காக முனையத்தை மறுபடி ஆயத்தம் செய்வதுமே அன்று அதற்கு விதிக்கப்பட்ட முக்கியக் காரியம். பின்னர் 1983-இல் வெளியான சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழியே, ஷெல் ஸ்கிரிப்டுகள் வரிசைப்படி ஓடி சர்வீஸ்களை எழுப்பும் சம்பிரதாயம் பரவியது. மிகேல் வான் ஸ்மூரென்பர்க் அதனை லினக்ஸுக்கென எழுதித் தர, எங்கள் தலைமுறை பயின்ற பாடம் அதுவாயிற்று. அந்த ஸ்கிரிப்டை யாரும் திறந்து படிக்கலாம், ஒரு வரி சேர்த்துத் திருத்தலாம், பிழை இருக்கும் இடத்தைக் கண்ணால் காணலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆயினும், ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று என்று காத்திருக்க நேர்ந்ததும், எழுப்பிவிட்ட சர்வீஸ் பின்னணிக்குச் சென்று கிளைத்துப் பெருகிய பிறகு எந்தக் கிளை எதனுடையது என்று தெரியாமற் போனதும் மெய்யான குறைகள். நின்றுவிட்டதாக நம்பிய சர்வீஸின் மிச்சம் எங்கோ நினைவகத்தைத் தின்றுகொண்டிருப்பதை நள்ளிரவில் தேடிப் பிடித்தவர்கள் இதனை நன்கறிவார்கள்.

இத்தகைய குறைகளைத் தீர்க்க ஆப்பிள் 2005-இல் லாஞ்ச்டியையும், லினக்ஸ் விநியோகமாகிய உபுண்டு 2006-இல் அப்ஸ்டார்ட்டையும் கொணர்ந்தன. 2010 ஏப்ரல் 30 அன்று லென்னார்ட் பொட்டரிங் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் சிஸ்டம்டி அறிமுகமாயிற்று. சர்வீஸ்கள் பேசிக்கொள்ளும் ஸாக்கெட்டுகளை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டால், கேட்க வேண்டிய சர்வீஸ் விழிக்குமுன் வந்த செய்தியையும் கெர்னல் வாங்கி வைத்துக்கொள்ளும், ஆகவே எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கலாம் என்பது அதன் முதல் தத்துவம். வீட்டார் உறங்கினாலும் வாசலில் மாட்டிய பை பால் பாக்கெட்டை ஏற்றுக்கொள்வதைப் போன்றது அது. ஒவ்வொரு சர்வீஸையும் அதன் சந்ததியோடு சி-குரூப் எனப்படும் கெர்னலின் குழுவொன்றில் வைத்து, எவ்வளவு கிளைத்தாலும் அடையாளம் தவறாமல் காப்பது இரண்டாம் தத்துவம்.

அந்தச் சி-குரூப் எங்கிருந்து வந்தது என்று கெர்னலின் வரலாற்றைப் புரட்டியபோது, என் தேடல் நான் வாழும் ஊருக்கே திரும்பி வந்தது. அடிப்படையை வகுத்தவர்கள் கூகுளின் பால் மெனாஜ் முதலியோர். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பில் அது சேர்ந்தது. குழுவுக்குக் குழு செயலியின் நேரத்தைப் பங்கிடும் பகுதியை அதே பதிப்புக்கு எழுதியவர்களில் பிரதானமானவர், பெங்களூர் ஐ.பி.எம். லினக்ஸ் டெக்னாலஜி சென்டரில் பணியாற்றிய ஸ்ரீவத்ஸ வட்டகிரி. நினைவகத்துக்கு வரம்பு கட்டும் பகுதியை எழுதியவர் ஐ.பி.எம்.மின் பல்பீர் சிங்; 2007 என்ற ஆண்டோடு அவர் பெயரை அக்கோப்பின் முகப்பில் கண்டேன். ஒரு சர்வீஸுக்கு இவ்வளவே நினைவகம் என்று சிஸ்டம்டியில் நாம் எழுதும் ஒற்றை வரிக்குப் பின்னால் நின்று உழைப்பது, இவர்கள் தொடங்கி வைத்த வேலையே. எங்கோ கடல் கடந்து பிறந்து நம்மீது சுமத்தப்பட்டது என்று என் நண்பர்கள் சிலர் பேசும் மாற்றத்தின் வேர்களில் ஒன்று நம் ஊரில் இருந்தது என்பதை அறிந்தபோது, பெருமிதத்தோடு பொறுப்புணர்ச்சியும் என்னுள் எழுந்தது.

சிஸ்டம்டியை ஏற்பதா என்ற விவாதம், மற்றொரு லினக்ஸ் விநியோகமாகிய டெபியனில் உச்சத்தை எட்டியது. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழுவின் எண்மரில் நால்வர் சிஸ்டம்டியையும் நால்வர் அப்ஸ்டார்ட்டையும் ஆதரிக்க, தலைவர் ப்டேல் கார்பியின் தீர்மான வாக்கினால் சிஸ்டம்டி வென்றது. சில தினங்களில் உபுண்டுவும் அதனை ஏற்றது. ஒன்றாம் எண்ணுக்குரிய புரோகிராம் சிறிதாக இருக்க வேண்டும், பதிவேடுகளைச் சாதாரண எழுத்தாகவே படிக்க இயல வேண்டும், ஒரே திட்டத்தின் கையில் இத்தனை அதிகாரம் சேரலாகாது என்று வாதிட்டவர்களில் ஒரு சாரார், அவ்வாண்டு நவம்பரில் தனியே பிரிந்து டெவுவானைத் தொடங்கினர். நெடுங்காலம் உழைத்தவர்கள் சிலர் மனம் நொந்து பொறுப்புகளைத் துறந்தனர். 2019 டிசம்பரில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பு, சிஸ்டம்டியைப் பிரதானமாகக் கொண்டு மாற்று முயற்சிகளுக்கும் இடமளித்தது.

மாற்றம் அவசியமாயிருந்தது என்பதே என் முடிவு. ஒரே இயந்திரத்தில் பல காரியங்கள் நெருங்கி வாழும் காலத்துக்கு, வரிசையாக ஓடும் ஸ்கிரிப்டுகள் போதா. ஆனால் எதிர்த்தவர்கள் கேட்ட எளிமையும், யாவரும் படித்துத் திருத்தக்கூடிய தன்மையும் தோற்றுப்போன வாதங்கள் அல்ல. புதியதை நடத்துவோர் நாள்தோறும் நிறைவேற்ற வேண்டிய கடன்கள் அவை. டெபியனை அடியாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் அரசு அலுவலகங்களுக்கும் சென்றிருப்பதால், டெபியனில் எடுக்கப்படும் தீர்மானம் நம்மையும் ஆள்கிறது. டெபியனில் வாக்குரிமையை உழைப்பினால் பெறலாம். 2023-இல் கொச்சியில் அதன் உலக மாநாட்டை நடத்திக் காட்டியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். பெங்களூரில் சர்வர்களைக் காக்கும் இளைஞர்கள் அந்த உழைப்பில் இறங்கி, அடுத்த பெரும் மாற்றத்தை அப்கிரேடு வந்த பின்னர் அறிந்துகொள்ளாமல், அது விவாதிக்கப்படும் சபையிலேயே அமர்ந்து தம் வாக்கைப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.